ஏற்றமும் இழுவையும்: பரம்பிக்குளம், மூணாறு மலைகளில் சுமை போன வரலாறு

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை இருவேறு முகம் காட்டுகிறது. வாளையாற்றை ஒட்டி மலையே விலகி வழிவிட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமும் சராசரியாக 140 மீட்டர் உயரமும் கொண்டது. அதனால்தான் மதராஸ் ரயில்வேயின் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே போத்தனூரிலிருந்து மலபார்க் கரைக்குப் போய்ச் சேர முடிந்தது. கணவாயின் தெற்கு விளிம்பிலேயே ஆனைமலை எழும்பிவிடுகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், வால்பாறை, மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வரை எங்கும் சமமான வழி கிடையாது. இந்த மலைகளின் மரமும் தேயிலையும் ஏலமும் வெளியே போவதற்கும், அரிசியும் ஆளும் உள்ளே வருவதற்கும் ஏற்றத்தோடு போராட வேண்டியிருந்தது. மாட்டில் தொடங்கிய அந்தப் போராட்டம் தண்டவாளம், கம்பிக் கயிறு, கியர் எனப் பல கருவிகளைக் கடந்து, இன்று டார்க் கன்வர்ட்டர் என்னும் எண்ணெய் நிறைந்த சுழல்பெட்டியில் வந்து நிற்கிறது.

ஏற்றத்தின் கணக்கு எளிமையானது. நல்ல மண்சாலையில் ஒரு டன் சுமையுள்ள வண்டியைச் சமதளத்தில் நகர்த்தச் சுமார் 40 கிலோ இழுவை வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருண்டால் அதே சுமைக்கு நான்கைந்து கிலோ போதும். தண்டவாளத்தின் மகிமை முழுதும் இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் வந்தால், டன்னுக்கு இன்னும் 40 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும். அது மண்ணென்றும் தண்டவாளமென்றும் பார்ப்பதில்லை. மண்சாலையில் 80 கிலோ, தண்டவாளத்தில் 45 கிலோ என்று கணக்கு மாறி, பத்து மடங்கு ஆதாயம் இரண்டு மடங்குக்கும் கீழே போய்விடுகிறது. மலை செங்குத்தாக ஆக ஆகத் தண்டவாளத்தால் பயன் குறையும். அதற்கு மேல், ஈரத் தண்டவாளத்தில் என்ஜின் சக்கரமே வழுக்கத் தொடங்கும். எல்லை மலைகளில் நூறாண்டுகளுக்கு முன் போடப்பட்ட இரண்டு பாதைகளையும் இந்தக் கணக்கு தெரிந்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

முதலாவது மூணாற்றுப் பாதை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். சிங்கோனா, காப்பி எனப் பல பயிர்களைப் போட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானபோது, விளைவதைக் கடலுக்குக் கொண்டுபோவதுதான் பெருங்கவலை. மேற்கே திருவிதாங்கூர்க் காடு அடர்ந்து கிடந்தது. கிழக்கே மலைவிளிம்புக்குக் கீழே போடிநாயக்கனூர் தெரிந்தது. வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த விளிம்பில்தான் ஏறி வந்தன. அரிசியும் அதே வழியில் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் மேலும் வந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக விளிம்புவரை நிலம் ஓரளவு சாய்வாக இருக்கிறது. விளிம்பில் போய்ச் சடாரென்று விழுகிறது. ஆகவே பள்ளத்தாக்கில் தண்டவாளமும் விளிம்பில் கம்பிக் கயிறும் என்று இரண்டு கருவிகளைப் பிரித்து வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு மிகச் சரியான முடிவு அது.

பள்ளத்தாக்கில் 1902இல் அமைந்தது யூயிங் முறையிலான ஒற்றைத் தண்டவாளம். இரட்டை விளிம்புள்ள சிறு சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின் மேல் உருளும். வண்டி சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலைமேல் ஓடும். சுமையில் மிகப் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல் இருக்க, சிறு பங்கு மட்டும் அந்தச் சமன் சக்கரத்துக்குப் போகும். இழுத்தவை காளைகள். பஞ்சாபில் 1907இல் தொடங்கிய பட்டியாலா சமஸ்தான ஒற்றைத் தண்டவாளமும் இதே முறையில் அமைந்ததுதான். அதன் நீராவி என்ஜின் ஒன்று டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. மூணாற்றின் முன்னோடிப் பாதைக்கு அப்படியொரு சின்னம் வாய்க்காமல் போனது பெரும் குறைதான்.

காளையிடம் இன்றைய எந்த மோட்டார் வண்டியும் பொறாமைப்படத்தக்க குணம் ஒன்று உண்டு. நின்ற நிலையிலிருந்தே அது முழு வலிமையோடு இழுக்கும். நல்ல ஜோடி நாள் முழுதும் 80 கிலோ அளவில் இழுத்துக்கொண்டு போகும். புறப்படும் நொடியில், கால் பிடித்துத் திமிறும்போது, அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சுமையை அசைக்கத்தான் அதிக விசை வேண்டும், அசைந்தபின் குறைவாகவே போதும் என்கிற உலக வழக்குக்கு மாட்டின் உடம்பு தானாகவே பொருந்திப்போகிறது. நீராவி என்ஜினுக்கும் அதே குணம் உண்டு. சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போதே உருளைக்குள் நீராவியின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் அதற்கு கிளட்சும் வேண்டாம், கியர் பெட்டியும் வேண்டாம். 1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டுக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைச் சிறு நீராவி என்ஜின்கள் இழுத்தபோது, காளையின் அந்தக் குணம் கெடாமலே வேகமும் சுமையும் கூடின.

அந்தப் பாதை முடிந்த மலைவிளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடி நகரம் 400 மீட்டருக்கும் கீழே. இடையில் கிடந்த சரிவை எந்த ரயிலும் இறங்க முடியாது. அங்கே தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. தோட்டத்துக்கு வேண்டிய சாமான்கள் அதே கயிற்றில் மேலேறின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல். இங்கே புவியீர்ப்பு எதிரியாக இல்லாமல் கூலியாளாக நின்றது. இறங்கும் சுமையின் எடையே ஏறும் சுமைக்கு உதவியது.

1924 ஜூலையில், மலையாள ஆண்டு 1099இல் வந்த பெருவெள்ளம் இந்த ஏற்பாட்டை அழித்துவிட்டது. மண்சரிவும் ஆற்றுப்பெருக்கும் சேர்ந்து குண்டளைப் பாதையைப் பெயர்த்தெறிந்தன. தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. மேற்கே ஆலுவாயிலிருந்து வந்த பழைய சாலையும் அதே வெள்ளத்தில் போயிற்று. நேரியமங்கலம் வழியான புதிய சாலை 1931இலும், பெரியாற்றின் மேல் பாலம் 1935இலும் திறக்கப்பட்டன. கிழக்கே மதுரை - போடி ரயில் 1928இல் வந்தாலும், மூணாற்றின் முகம் மெல்ல மேற்கே, கொச்சித் துறைமுகத்தை நோக்கித் திரும்பியது. வெள்ளத்துக்குப் பிறகான மூணாறு லாரியின் ஊர். ஒருகாலத்து ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது.

இரண்டாவது பாதை பரம்பிக்குளத்தினுடையது. கொச்சி சமஸ்தானத்தின் வன டிராம்வே 1907இல் ஓடத் தொடங்கியது. சாலக்குடியிலிருந்து ஆனப்பந்தம், குரியார்குட்டி வழியாகப் பரம்பிக்குளம் காட்டுக்குள் சின்னார்வரை சுமார் 80 கிலோமீட்டர் போன மீட்டர் கேஜ் பாதை அது. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் - கோப்பல் நிறுவனத்தின் என்ஜின்கள் அதில் ஓடின. சமமான பகுதிகளில் என்ஜின் இழுக்கும். யானைகள் உருட்டிக் கொண்டுவந்த தேக்கு வண்டியில் ஏறும். சரிவு கடுமையாகும் இடத்தில் என்ஜின் நின்றுவிடும். அங்கே தொடங்கியவை சாய்தளங்கள்.

இந்தச் சாய்தளம்தான் எல்லை மலைகளில் அமைந்த பொறியியல் ஏற்பாடுகளிலேயே அழகானது. உச்சியில் ஒரு பெரிய உருளை, அதைச் சுற்றிக் கம்பிக் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில், கீழே, காலி வண்டி. மேலேயுள்ளதை விளிம்புக்குத் தள்ளிவிட்டால் அது தன் எடையால் இறங்கும். இறங்கும்போதே காலி வண்டியை இழுத்து மேலேற்றிவிடும். விறகும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். வேகம் மிஞ்சாமல் உருளையைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கும், அதன் கைப்பிடியில் கவனம் தப்பாத ஒரு ஆளும் இருந்தால் போதும். எல்லா விபத்தும் அந்தப் பிரேக்கில்தான் காத்திருந்தது. இறங்கும் மரத்தின் வலிமை முழுதும் அங்கே வெப்பமாகத்தான் தீரவேண்டும். காட்டின் விளைவு மேலிருந்து கீழே போவது என்பதால்தான் இந்தக் கணக்கு பலித்தது. நடுவே எதிர்ச்சரிவு ஏற வேண்டிய இடங்களில் இந்தத் தந்திரம் பலிக்காது. இயந்திரத்தின் துணை வேண்டியிருந்தது. மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில், டாப்ஸ்லிப்பில், மரத்தைச் சரிவில் அப்படியே உருட்டிவிட்டார்கள். கொச்சிக்காரர்கள் அதே வீழ்ச்சியைக் கயிற்றில் கட்டி வேலை வாங்கினார்கள்.

செலவு வரவை மிஞ்சியதாலும், லாரிச் சாலைகள் காட்டுக்குள் வந்துவிட்டதாலும், நல்ல மரம் தீர்ந்துகொண்டே போனதாலும் டிராம்வே தளர்ந்து, 1963இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் பரம்பிக்குளம் அணை எழுந்து பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீருக்குள் போயிற்று. இன்று பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் போகவேண்டும். கேரளத்துக்குள்ளேயே சாலக்குடியோடு இருந்த நேர்வழி டிராம்வேயோடு போய்விட்டது.

தண்டவாளத்தின் இடத்தைப் பிடித்த மோட்டார் வண்டிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பெட்ரோல், டீசல் என்ஜின்களுக்கு நின்ற நிலையில் வலிமையே கிடையாது. ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த வெடிப்பு நடக்கும். மெதுவாகச் சுற்றினால் திணறும், இன்னும் மெதுவானால் நின்றுவிடும். அதன் முழு முறுக்குவிசை, ஓட்டுநர்கள் இழுவை என்று சொல்வது, நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் சுற்றுகளில்தான் கிடைக்கும். சக்கரமோ நின்றுகொண்டிருக்கிறது. ஓடும் என்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் எப்படி இணைப்பது? உராய்ந்து உராய்ந்து பிடிக்கும் கிளட்ச் ஒரு விடை. ஆனால் கிளட்ச் இழுவையைக் கூட்டாது; என்ஜின் தருவதை அப்படியே கடத்தும், வித்தியாசத்தை வெப்பமாக எரித்துவிடும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் லாரி நின்றுவிட, பின்னால் வந்த வண்டி அரைக் கிளட்சில் தொங்கும்போது வரும் கருகல் வாசனை மலைப்பாதை ஓட்டுநர் எவருக்கும் தெரியும்.

இரண்டாவது விடை கியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை மலைக்குக் கொண்டுவந்தது ஜீப். 1947 முதல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. திருவிதாங்கூரின் சமவெளியிலிருந்து குடும்பங்கள் உயர்மலைக்குக் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. சாலை போடுவதற்கு முன்பே ஜீப் போய்ச் சேர்ந்த ஊர்கள் இடுக்கியில் ஏராளம். மருந்துக்கும் மரணத்துக்கும், கல்யாணத்துக்கும் ஏலமூட்டைக்கும் அதுதான் வண்டி. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போய் மாலையில் இறங்குவது இன்றும் நடக்கிறது.

ஜீப் எப்படி ஏறுகிறது என்பதை எண்ணில் பார்க்கலாம். போர்க்கால வில்லிஸ் என்ஜின் 2,000 சுற்றில் சுமார் 142 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. இன்றைய சிறிய கார்கள் பலவற்றின் அளவுக்கும் அது அதிகமில்லை. போருக்குப் பின் வந்த குடிமக்கள் ஜீப்பில் முதல் கியர் 2.8 மடங்கு, லோ கியர் 2.43 மடங்கு, அச்சிலுள்ள பல்சக்கரம் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 36 மடங்குக்கு மேல். ஆட்களோடு 1.8 டன் எடையுள்ள ஜீப் ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏற, சக்கரங்களில் எல்லாம் சேர்ந்து 1,300 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். லோ கியர் இல்லாமல் முதல் கியரிலேயே அதைத் தேற்றிவிடலாம். பிறகு லோ கியர் எதற்கு? மெதுவாகப் போவதற்கு. லோ கியர் இல்லையென்றால் முழு இழுவை கிடைக்கும் 2,000 சுற்றில் ஜீப் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பாறை துருத்திக்கொண்டிருக்கும் கொழுக்குமலைப் பாதையில் அந்த வேகத்தில் போனால் அச்சும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார். லோ கியரில் அதே சுற்றில் ஏழரை கிலோமீட்டர். என்ஜின் மெல்ல முனகிக்கொண்டிருக்கும் 600 சுற்றில் இரண்டேகால் கிலோமீட்டர், ஆள் நடப்பதைவிட மெதுவாக. தேனி மாவட்டத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போகிறார்கள் என்பதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

மூன்றாவது விடையை 1905இலேயே ஜெர்மனியில் ஹெர்மன் ஃபாட்டிங்கர் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றிருந்தார். அவர் ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தவர். வேகமாகச் சுற்றும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பதுதான் அவருடைய வேலை. பல்சக்கரத்துக்குப் பதில் திரவத்தை நடுவே வைத்தார். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை ஓடவிட்டால் காற்று மோதி மற்றதும் சுற்றுவதைப்போல, எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் என்ஜினோடு சுற்றும் இம்பெல்லர் எண்ணெயை வீசியடிக்க, கியர் பெட்டியோடு இணைந்த டர்பைன் அந்த வேகத்தை வாங்கிச் சுற்றுகிறது. இவ்வளவு மட்டும் இருந்தால் அது திரவக் கிளட்ச், இழுவை கூடாது. இழுவையைக் கூட்டுவது நடுவிலிருக்கும் மூன்றாவது உறுப்பான ஸ்டேட்டர். டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய் இம்பெல்லரின் சுழற்சிக்கு எதிராக வரும். ஸ்டேட்டரின் வளைந்த இதழ்கள் அதைத் திருப்பி, இம்பெல்லர் சுழலும் திசைக்கே அனுப்புகின்றன. மிச்சமிருந்த வேகம் மறுபடி வேலைக்கு வருகிறது. கார்களில் உள்ள கன்வர்ட்டர் வண்டி நிற்கும்போது என்ஜினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இருமடங்காக்கும். வண்டி வேகம் பிடித்து, டர்பைன் இம்பெல்லரின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது பெருக்கம் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஸ்டேட்டர் ஒருவழிக் கிளட்சின் மேல் தானாகச் சுழலத் தொடங்கி வழிவிடும். நின்ற நிலையில் அதிகம், ஓட ஓடக் குறைவு. காளையும் நீராவியும் கொடுத்ததை எரி என்ஜினுக்குத் திருப்பிக் கொடுத்த கருவி இதுதான்.

அமெரிக்காவில் 1948இன் பியூக் டைனாஃப்ளோ, 1950இன் செவ்ரலே பவர்கிளைடு வழியாக டார்க் கன்வர்ட்டர் சாதாரணக் குடும்பக் காருக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் அது காரில் வெகுகாலம் வரவில்லை. இங்கே முதலில் ரயிலிலும் மண்வெட்டும் இயந்திரங்களிலும்தான் வந்தது. எம்.எம். சூரி வடிவமைத்த சூரி டிரான்ஸ்மிஷன் டீசல் ரயில் என்ஜினுக்கானது. புறப்படும்போது கன்வர்ட்டர், வேகம் பிடித்தபின் வீணாகாத நேர்ப்பிடிப்பு என்று இரண்டையும் சேர்த்தது. இன்று மலையோர ஊர்களில் எல்லோரும் கண்ணால் கண்ட டார்க் கன்வர்ட்டர் காரில் இல்லை, ஜேசிபியில் இருக்கிறது. மண்சரிந்து அடைத்த சாலையில் அது பக்கெட்டை மண்மேட்டில் முட்டக் கொடுத்துத் தள்ளும்போது சக்கரம் ஏறத்தாழ நின்றுவிடும்; என்ஜின் நிற்காது. எண்ணெய் இடையில் வழுக்கிக்கொண்டு இழுவையைப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண கிளட்ச் என்றால் அந்த வேலையில் ஒரு வாரம் தாங்காது. 2018 வெள்ளத்தில் இடுக்கியின் சாலைகள் திரும்பத் திறந்ததில் இந்த எண்ணெய்க் கூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஜீப்பின் வாரிசுக்கும் அது வந்து சேர்ந்தது. 2020 அக்டோபரில் வந்த புதிய மகிந்திரா தார் வண்டியில் ஐசின் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. பழைய லோ கியரும் கூடவே இருந்தது. மலைப்பாதைக்கு இந்தச் சேர்க்கையைவிடப் பொருத்தமானது இதுவரை வரவில்லை. பாறைமேல் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றும்போது கிளட்ச் பிளேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கன்வர்ட்டர் எல்லாம் ஒன்றல்ல. எந்த வேலைக்கு எது என்று தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேர்வின் மையம் ஸ்டால் வேகம். டர்பைனை நிறுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை முழுதாக முடுக்கினால் அது எத்தனை சுற்றுவரை ஏறுமோ அதுதான் ஸ்டால் வேகம். தொழிற்சாலையிலிருந்து வரும் சாலைக் கார்களில் பெரும்பாலும் 1,600 முதல் 2,400 சுற்றுக்குள் அமையும். டிராக் பந்தய வண்டிக்கு 3,500, 5,000, அதற்கு மேலும் வைக்கிறார்கள். காரணம் தெளிவானது. நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி முடிக்கும் பந்தயம் அது. புறப்படும் நொடியிலேயே என்ஜின் தன் உச்ச முறுக்குவிசைக்கு அருகே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பந்தய கேம்ஷாஃப்ட் போட்ட என்ஜின் கீழ்ச் சுற்றுகளில் சோம்பிக் கிடக்கும். 4,000க்கு மேல்தான் உயிர் பெறும். தாழ்ந்த ஸ்டால் கன்வர்ட்டர் அதை அந்த உயரத்துக்கு ஏறவே விடாது. 1973இல் உற்பத்தி நின்றுபோன பவர்கிளைடு கியர் பெட்டி, உயர் ஸ்டால் கன்வர்ட்டரோடு டிராக் பந்தயத்தில் இன்னும் உயிரோடு இருப்பது இந்தப் பொருத்தத்தால்தான்.

ஸ்டால் வேகம் கன்வர்ட்டரின் மேல் பொறித்த எண் மட்டும் அல்ல. ஒரே கன்வர்ட்டரை வலுவான என்ஜினுக்குப் பின்னால் வைத்தால் ஸ்டால் உயரும், பலவீனமானதற்குப் பின்னால் வைத்தால் தாழும். கூட்டின் விட்டம் சிறுத்தால் ஸ்டால் உயரும். அதனால்தான் பந்தயத்தவை எட்டு, ஒன்பது அங்குலத்துக்கும், சாலைக்குரியவை பன்னிரண்டு அங்குலத்தை ஒட்டியும் இருக்கின்றன. வண்டியின் எடை, அச்சு விகிதம், டயரின் உயரம் எல்லாம் கணக்கில் சேரவேண்டும். சாலையிலும் ஓடி வாரக் கடைசியில் பந்தயத்துக்கும் போகும் வண்டிக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது என்ஜின் சுற்றும் எண்ணிக்கை ஸ்டால் வேகத்தைவிட நன்றாக மேலே இருக்கவேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 2,200 சுற்றில் ஓடும் வண்டிக்கு 3,000 ஸ்டால் மாட்டினால் கன்வர்ட்டர் எந்நேரமும் வழுக்கிக்கொண்டே இருக்கும். பந்தய ஆசையில் பலர் பணத்தை இழப்பது இந்த ஒரு கோட்டைத் தாண்டுவதால்தான். டர்பைனை இம்பெல்லரோடு நேராகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் உள்ள கன்வர்ட்டர் நெடுஞ்சாலையில் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்யும். ஏற்றத்தில் அது அடிக்கடி விடுபட்டுவிடும்.

மலைப்பாதையை வைத்துப் பார்த்தால் தேர்வு இன்னும் கறாராகிறது. டிராக் ஓட்டம் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும். கன்வர்ட்டர் சூடேறுவதற்குள் வண்டி ஆறத் தொடங்கிவிடும். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு ஏறும் வண்டியோ அரை மணிக்கு மேல் பாதி வேகத்திலேயே இழுத்துக்கொண்டிருக்கும். என்ஜின் 60 கிலோவாட் கொடுத்து, கன்வர்ட்டர் அதில் எண்பது சதவீதம் மட்டும் கடத்தினால், மிச்சம் 12 கிலோவாட் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. வீட்டு அயர்ன்பாக்ஸ் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து எண்ணெய்க்குள் வைத்த அளவு வெப்பம் அது. கியர் எண்ணெய் 80, 90 டிகிரியில் நெடுநாள் உழைக்கும்; 120ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் கருகி, சீல்களையும் கிளட்ச் தட்டுகளையும் கெடுத்துவிடும். ஆகவே எல்லை மலைகளில் ஓடும் வண்டிக்கு ஸ்டால் தாழ்வாக இருக்கவேண்டும், எண்ணெய்க் குளிர்விப்பான் பெரிதாக இருக்கவேண்டும், ஏற்றத்தில் கியரைக் கீழே இறக்கி என்ஜினை வேகமாகச் சுற்றவிட வேண்டும். உயர்ந்த கியரில் முனகவிட்டு ஏற்றுவது எண்ணெயைச் சமைப்பதற்குச் சமம்.

மின்சார வண்டியில் இந்தத் தேர்வே எழுவதில்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தந்துவிடும். கிளட்சோ கன்வர்ட்டரோ தேவையில்லை. இறக்கத்தில் அதே மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து நிறுத்தும், பேட்டரியையும் ஏற்றும். சாய்தளத்தில் பிரேக் உருளை வெப்பமாகக் கொட்டித் தீர்த்ததில் ஒரு பகுதியை இது திரும்ப எடுத்துக்கொள்கிறது. மலையோர ஊர்களில் இப்போது ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் எரி என்ஜின் வண்டிகள்தான். அவற்றுக்கு இந்த வசதி கிடையாது.

டார்க் கன்வர்ட்டர் ஏற்றத்தில்தான் இழுவையைப் பெருக்கும். இறக்கத்தில் எதையும் பெருக்காது. அங்கே சக்கரம் என்ஜினைச் சுற்றப் பார்க்கும், எண்ணெய் வழுக்கும், என்ஜினின் பிடிப்பு கிளட்ச் வண்டியில் கிடைப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும். போடிமெட்டிலிருந்தோ கம்பம்மெட்டிலிருந்தோ ஆட்டோமேட்டிக் வண்டியில் இறங்குபவர் கியர் நெம்புகோலை ‘டி’ நிலையிலேயே விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. முதல் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ ‘எல்’ நிலைக்கோ மாற்றிவிட வேண்டும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவதை எந்த வண்டியிலும் எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது.